ஆராய்ச்சி ஏட்டின் புதிய உருவம்

1928-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாள். கல்கத்தா நகரில், பௌபஜார் வீதியில் இருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் ஆய்வுக்கூடத்தில், சி. வி. ராமன் அவர்கள் ஒளிச்சிதறல் பற்றிய தம் முடிவை உறுதி செய்துகொண்டார். அவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர். பிழைப்பின் பொருட்டு வங்கம் சென்றவர். அவருக்குத் துணை நின்ற கே. எஸ். கிருஷ்ணனும் தமிழகத்திலிருந்து சென்றவரே. சொந்த ஊரை விட்டு அயல் மாநிலத்தில் வாழும் நமக்கு அவ்விருவரையும் நினைக்கும்போது ஒரு தனி உரிமையும் பெருமிதமும் எழுவது இயல்பு.

ஆனால், இன்று நாம் எண்ணிப் பார்க்க விரும்புவது அந்தக் கண்டுபிடிப்பை அன்று. அதற்குப் பிறகு ராமன் அவர்கள் செய்ததை. மார்ச் 16-ஆம் நாள் பெங்களூரில் அவர் தம் புதிய ஒளியைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அச்சொற்பொழிவு உடனே இந்தியப் பௌதிக ஏட்டில் அச்சேறியது. அதன் படிகள் பல நாட்டு விஞ்ஞானிகளுக்குத் தபாலில் அனுப்பப்பட்டன. அதே காலத்தில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டெல்ஷ்டாம் என்னும் இருவர் பளிங்கில் அதே விளைவைக் கண்டிருந்தனர். எனினும் அவர்களுடைய கட்டுரை சில மாதங்கள் கழித்தே வெளிவந்தது. 1930-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு ராமனை வந்தடைந்தது.

கண்டது மட்டும் போதாது. கண்டதை உலகம் அறியும்படி, உரிய காலத்தில், உரிய முறையில் பதிவு செய்யவும் வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி நமக்குக் காட்டுகிறது. அந்தப் பதிவுக்கு உரிய இடமே ஆராய்ச்சி ஏடு. ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுகளாகப் பெரும்பாலும் ஒரே உருவத்தில் இருந்துவந்த அந்த ஏடு, நம் கண்ணெதிரே உருமாறி வருகிறது. அம்மாற்றம் யாது, அதனால் யாருக்கு என்ன பயன், எங்கே எச்சரிக்கை வேண்டும் என்பவற்றைச் சிறிது விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏடு பிறந்த கதை

1665-ஆம் ஆண்டு ஜனவரியில் பாரிஸ் நகரத்திலும், அதே ஆண்டு மார்ச்சில் லண்டன் நகரத்திலும் முதல் ஆராய்ச்சி ஏடுகள் தோன்றின. லண்டன் ஏட்டைத் தொடங்கியவர் ராயல் சங்கத்தின் செயலாளராக இருந்த ஹென்றி ஓல்டன்பர்க். அதற்கு முன்னர் அறிஞர்கள் தம் கருத்துகளைத் தனிக் கடிதங்களாகவே ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டனர். கடிதம் ஒருவர் கைக்கு மட்டுமே போய்ச் சேரும். ஏடோ பலர் கைக்கும் போகும், நூலகத்தில் தங்கும், இன்னார் இன்ன நாளில் இதைச் சொன்னார் என்பதற்குச் சான்றாக நிற்கும்.

அன்று முதல் ஆராய்ச்சி ஏடு நான்கு கடமைகளைச் செய்து வருகிறது. முதலாவது, கண்டுபிடிப்பு யாருக்கு உரியது என்பதைப் பதிவு செய்தல். இரண்டாவது, துறை வல்லுநர்களைக் கொண்டு அதைச் சோதித்தல். மூன்றாவது, அதை உலகுக்கு அறிவித்தல். நான்காவது, வருங்காலத்திற்காகக் காத்துவைத்தல். இந்நான்கும் இன்றும் மாறவில்லை. அவற்றைச் செய்யும் வழிகளே மாறிவிட்டன.

மாற்றம் ஏன் தேவைப்பட்டது? அறிவு பெருகியதே காரணம். மருத்துவக் கட்டுரைகளை மட்டும் அட்டவணைப்படுத்தும் பப்மெட் என்னும் அமெரிக்கப் பட்டியலில் இன்று 3 கோடிக்கு மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. நாளொன்றுக்கு நூறு கட்டுரை படிக்கும் ஒருவர் இருந்தாலும், அவற்றைப் படித்து முடிக்க எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆகவே, எழுதப்பட்டிருப்பது வேறு, அறியப்பட்டிருப்பது வேறு என்னும் விசித்திரமான நிலைக்கு நாம் வந்து சேர்ந்தோம்.

இரண்டு அலமாரிகள்

இதற்கு ஓர் உதாரணம் கூறுவோம். சிலருக்குக் குளிர் பட்டவுடன் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும். ரேனோ நோய் என்று அதனைச் சொல்வர். அந்நோயுடையவர்களின் இரத்தம் தடிப்பேறி இருப்பதையும், இரத்தக் குழாய்கள் சுருங்குவதையும் ஒரு பகுதி மருத்துவர்கள் எழுதியிருந்தனர். மீன் எண்ணெய் உட்கொண்டால் இரத்தத்தின் தடிப்புக் குறைகிறது என்பதை மற்றொரு பகுதி ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருந்தனர். முதல் கூட்டத்தார் இரண்டாம் கூட்டத்தாரின் கட்டுரையைப் படிக்கவில்லை. இரண்டாம் கூட்டத்தாரும் முதல் கூட்டத்தாரை அறியவில்லை. நோய் ஓர் அலமாரியிலும் மருந்துக்கான குறிப்பு மற்றோர் அலமாரியிலும் தூசி படிந்து கிடந்தன.

1986-ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான் ஸ்வான்சன் இவ்விரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார். அவர் மருத்துவர் அல்லர். பௌதிகம் பயின்று நூலகவியலுக்கு வந்தவர். சோதனைக் குழாய் ஒன்றையும் தொடாமல், அச்சிட்ட கட்டுரைகளைப் படித்தே, மீன் எண்ணெய் இந்நோயாளர்களுக்கு உதவக்கூடும் என்று அவர் எழுதினார். 1989-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு மருத்துவச் சோதனையில், மீன் எண்ணெய் உட்கொண்ட நோயாளிகளிடம் குளிரைத் தாங்கும் ஆற்றல் கூடியதாகத் தெரியவந்தது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஸ்வான்சன் கண்டது இயற்கையில் மறைந்திருந்த உண்மையை அன்று. நூலகத்தில் மறைந்திருந்த உண்மையை. அச்சிட்ட அறிவு ஒன்றோடொன்று இணைக்கப்படாவிட்டால், அது இருந்தும் இல்லாததற்குச் சமம். இணைக்கும் வேலையைக் கணிப்பொறிக்குக் கற்பிக்க முடியுமா என்பதே பின்னர் எழுந்த கேள்வி.

முகவரி மாறினாலும் கடிதம் வந்து சேரும்

ஆராய்ச்சியாளர்கள் கட்டுரைகளை எளிதில் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்னும் விருப்பமே இன்றைய இணையத்தளங்களுக்கும் வித்திட்டது. 1989-ஆம் ஆண்டில் ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ அதற்கான திட்டத்தை எழுதி அளித்தார். 1991-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் நிலையத்தில் பால் கின்ஸ்பார்க் என்னும் பௌதிக அறிஞர், கட்டுரைகளை அச்சுக்கு முன்னரே வைத்துப் பகிரும் ஒரு மின்னணுக் களஞ்சியத்தைத் தொடங்கினார். அர்க்கைவ் என்று இன்று வழங்கும் அக்களஞ்சியம் பின்னர்க் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு இடம் மாறியது. ராமன் அவர்கள் தபாலில் அனுப்பிய படிகள் வாரக்கணக்கில் கப்பலில் சென்றன. இன்று அதே பணி சில நொடிகளில் முடிகிறது.

ஆயின், வேகம் வந்தவுடன் ஒரு புதிய இடர்ப்பாடும் வந்தது. அச்சிட்ட நூல் வைத்த இடத்தில் இருக்கும். இணையத்தில் வைத்த கட்டுரையின் முகவரியோ அடிக்கடி மாறும். ஏட்டை நடத்தும் நிறுவனம் கைமாறினால், பழைய முகவரியில் வெற்றிடமே காட்சி தரும். வீடு மாறுவதன் தொல்லையை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மாதுங்காவிலிருந்து செம்பூருக்கும், கரோல் பாக்கிலிருந்து வேறொரு பேட்டைக்கும் குடிபெயரும்போது, ஊரிலிருந்து வந்த கடிதங்கள் பழைய வீட்டு வாசலில் கிடந்து வாடுவதை நம்மில் பலர் அறிவோம். 'இன்னார் எங்கே இருந்தாலும் அவரிடம் சேர்க்கவும்' என்று ஓர் ஏற்பாடு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அத்தகைய ஏற்பாடு ஒன்று கட்டுரைகளுக்காகச் செய்யப்பட்டது. ஒவ்வொரு கட்டுரைக்கும் என்றும் மாறாத ஓர் அடையாள எண் அளிக்கப்படுகிறது. டி.ஓ.ஐ. என்பது அதன் சுருக்கப் பெயர். அது 10 என்னும் எண்ணில் தொடங்கும். இடையில் ஒரு சாய்கோடு இருக்கும். கட்டுரை இருக்கும் இடம் மாறினால், வெளியீட்டாளர் பொதுப் பதிவேட்டில் புதிய இடத்தைக் குறித்துவிடுகிறார். படிப்பவர் பழைய எண்ணையே கொடுத்தாலும் புதிய இடத்துக்கு அழைத்துச் செல்லப்படுகிறார். 2000-ஆம் ஆண்டில் வெளியீட்டாளர்கள் சேர்ந்து கிராஸ்ரெஃப் என்னும் கூட்டமைப்பை நிறுவினர். ஒரு கட்டுரையின் இறுதியில் உள்ள மேற்கோள் பட்டியலிலிருந்து மற்றொரு கட்டுரைக்கு ஒரே தொடுதலில் செல்லும் வசதி அதன் பயனாக வந்தது.

வேங்கை என்றால் எது?

இவ்வளவு நடந்தும், கணிப்பொறிக்குக் கட்டுரையின் பொருள் தெரியாது. அதற்குத் தெரிந்தவை எழுத்துகளே. வேங்கை என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழில் அது புலியையும் குறிக்கும், ஒரு மரத்தையும் குறிக்கும். திங்கள் என்பது நிலவையும், மாதத்தையும், வாரத்தின் ஒரு நாளையும் குறிக்கும். இடம் நோக்கிப் பொருள் கொள்ள நமக்குத் தெரியும். வேங்கைப் பட்டையின் மருத்துவக் குணம் பற்றிய கட்டுரையைத் தேடும் ஒருவருக்கு, கணிப்பொறி காட்டுப்புலிகளின் கணக்கெடுப்பைக் கொண்டுவந்து கொடுத்தால் அதன்மீது குற்றம் சொல்ல முடியாது.

இக்குறையை நீக்கும் வழி ஒன்றே. சொல்லுக்குப் பக்கத்தில் அதன் பொருளையும் கணிப்பொறி அறியத்தக்க குறியீடாக எழுதிவைத்தல் வேண்டும். இங்கே வேங்கை என்பது மரம். அம்மரத்துக்கு உலகப் பதிவேட்டில் இன்ன எண் என்று கண்ணுக்குத் தெரியாத குறிப்பைச் சேர்த்துவிட்டால், அதே மரத்தை வேறொரு மொழியில் வேறொரு பெயரால் எழுதிய கட்டுரையும் இதனோடு சேர்ந்துவிடும். பெயர் பலவாயினும் பொருள் ஒன்று என்பது அப்போது கணிப்பொறிக்கும் விளங்கும். இதனையே பொருளுணர்வு இணையம் என்று சொல்லலாம். 2001-ஆம் ஆண்டில் பெர்னர்ஸ்-லீயும் இரு நண்பர்களும் ஓர் அமெரிக்க விஞ்ஞான ஏட்டில் இக்கருத்தைப் பொதுமக்களுக்கு விளக்கி எழுதினர்.

இம்முறையில் ஒவ்வொரு செய்தியும் மூன்று உறுப்புகளாகப் பிரிக்கப்படும். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று நாம் பள்ளியில் படித்தவைபோலவே இவையும் அமையும். 'இக்கிருமி இந்நோயை உண்டாக்குகிறது' என்பது ஒரு மூவுறுப்பு. 'இந்நோய் இவ்வூரில் பரவியது' என்பது மற்றொன்று. இவ்விரண்டும் வெவ்வேறு கட்டுரைகளில் இருந்தாலும், இரண்டிலும் நோயின் அடையாள எண் ஒன்றாக இருப்பதால் அவை சங்கிலிபோல் கோக்கப்படும். ஸ்வான்சன் தாமே படித்துச் செய்த இணைப்பைக் கணிப்பொறி ஆயிரக்கணக்கில் செய்து, 'இவற்றைச் சற்றுப் பாருங்கள்' என்று அறிஞர் முன் வைக்கும். முடிவு செய்வது அறிஞரின் பொறுப்பு.

சீர்காழியிலிருந்து சென்ற ஒருவர்

பொருளைப் பகுத்து, பகுத்ததை மீண்டும் கோத்துக் காட்டும் இந்தச் சிந்தனை திடீரென்று வானத்திலிருந்து விழுந்ததன்று. இதற்கு வழிவகுத்தவர்களுள் ஒருவர் நம்மவர் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. 1892-ஆம் ஆண்டு சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் அவர்கள் முதலில் கணித ஆசிரியராக இருந்தார். 1924-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். பயிற்சிக்காக லண்டன் சென்றிருந்தபோது, ஒரு கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுச் சாமானைக் கண்டார். சில துண்டுகளும் திருகாணிகளும் கொண்டு பாலம், வண்டி, பளுதூக்கி என எத்தனையோ உருவங்களைச் செய்யலாம் என்பதைப் பார்த்த அவருக்கு, நூல்களின் பொருளையும் இவ்வாறே சில அடிப்படைத் துண்டுகளாகப் பிரித்துக் கோக்கலாமே என்று தோன்றிற்று. அதன் விளைவே 1933-ஆம் ஆண்டில் வெளிவந்த கோலன் வகைப்பாடு.

நூல் ஒன்றுக்கு ஒரே அறை என்று ஒதுக்கிய பழைய முறைகளுக்கு மாறாக, எதைப் பற்றியது, எந்த மூலப்பொருளைக் கொண்டது, என்ன செயல், எவ்விடம், எக்காலம் என்னும் ஐந்து முகங்களாக அவர் பொருளைப் பகுத்தார். இன்று இணைய அங்காடியில் விலை, அளவு, நிறம் என்று தனித்தனியே தெரிவு செய்து நாம் துணி வாங்குகிறோம் அல்லவா? அதுவும் இவ்வகைப் பன்முகப் பகுப்பே. ரங்கநாதன் அவர்கள் பின்னர்க் காசியிலும் தில்லியிலும் பணியாற்றி, 1962-ஆம் ஆண்டில் பெங்களூரில் ஆவணவியல் ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தை நிறுவி, அந்நகரிலேயே 1972-ஆம் ஆண்டில் மறைந்தார். படிப்பவருடைய காலத்தை வீணாக்காமல் காப்பது நூலகத்தின் கடமைகளுள் ஒன்று என்பது அவர் வகுத்த விதி. நாம் இப்பொழுது பேசிக்கொண்டிருக்கும் முயற்சிகள் யாவும் அந்த விதிக்கு எழுதப்படும் உரைகளே எனலாம்.

எலிக்காய்ச்சல் பற்றிய ஒரு கட்டுரை

கருத்தளவில் சொன்னதை இனிக் காட்சியாகக் காண்போம். பம்பாயிலும் கேரளத்திலும் வாழும் அன்பர்கள் எலிக்காய்ச்சலை நன்கு அறிவர். 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் பம்பாயை மூழ்கடித்த பெருமழைக்குப் பின்னர் அந்நோய் பரவியது பலர் நினைவில் இருக்கும். எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்தில் வெறுங்காலோடு நடப்பவரை அது பற்றுகிறது. பிரேசில் நாட்டின் சால்வடார் நகரத்துச் சேரி ஒன்றில் இந்நோய்க் கிருமி யாரைத் தொற்றுகிறது, ஏன் தொற்றுகிறது என்று 3,000-க்கு மேற்பட்டவர்களிடம் ஆராய்ந்து எழுதிய ஒரு கட்டுரை 2008-ஆம் ஆண்டில் வெளிவந்தது. திறந்த சாக்கடைக்கு அருகில் குடியிருத்தல், வீட்டைச் சுற்றி எலிகள் நடமாடுதல், வறுமை ஆகியவை ஆபத்தைப் பெருக்குகின்றன என்று அது காட்டியது.

ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் ஷாட்டனும் அவர் குழுவினரும் அக்கட்டுரையை எடுத்து, ஓர் ஆராய்ச்சி ஏடு எப்படி இருக்கலாம் என்பதற்கு மாதிரியாக அதை மாற்றியமைத்தனர். 2009-ஆம் ஆண்டில் அம்மாதிரியை உலகுக்குக் காட்டினர். அதில் நோயின் பெயர், கிருமியின் பெயர், ஊர், நாள், நிறுவனம் ஆகியவை தனித்தனி வண்ணங்களில் ஒளிரும்; வேண்டாதபோது மறையும். மேற்கோள் எண்ணைத் தொட்டால், மேற்கோள் நூலில் எந்தப் பகுதி இக்கூற்றுக்கு ஆதாரம் என்பது அங்கேயே தோன்றும். அட்டவணையிலுள்ள எண்கள் வெறும் படமாக நில்லாமல், வேறோர் ஆய்வாளர் தம் கணக்குக்கு எடுத்துக்கொள்ளத்தக்க தரவுகளாகவே கிடைக்கும். கட்டுரையிலுள்ள படத்தை நிலப்படத்தின் மேல் வைத்துப் பார்க்கவும் இயலும். கட்டுரையின் ஒரு சொல்லையும் அவர்கள் மாற்றவில்லை. அதில் அடங்கியிருந்ததை வெளிப்படுத்தியது மட்டுமே அவர்கள் செய்தது.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். நம் நகரம் ஒன்றின் சுகாதார அதிகாரி, சால்வடார் நகர எண்களோடு தம் நகர எண்களை ஒப்பிட விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் அவர் அட்டவணையைக் கண்ணால் பார்த்துக் கையால் படியெடுக்க வேண்டும். ஓர் இலக்கம் தவறினால் முடிவு தவறும். புதிய முறையில் தரவுகள் நேரே வந்து சேரும். அடுத்த மழைக்கு முன் எந்தப் பேட்டையின் சாக்கடையை முதலில் மூடவேண்டும் என்னும் கேள்விக்கு விடை சற்று விரைவில் கிடைக்கும். ஏட்டின் உருவ மாற்றம் எங்கோ உள்ள அறிஞர்களின் வசதி மட்டும் அன்று என்பதற்கு இது போதிய சான்று.

இம்மாதிரி பெரும்பாலும் மனித உழைப்பால் செய்யப்பட்டது. அத்தனை உழைப்பை ஒவ்வொரு கட்டுரைக்கும் செலவிட முடியாது. ஆதலால் அம்மாதிரி முழுவதும் எங்கும் நடைமுறைக்கு வந்துவிட்டதாகச் சொல்லிவிட முடியாது. எனினும் அதன் கூறுகள் பல பரவியுள்ளன. தரவுகள் கண்டறியத்தக்கவையாகவும், பெறத்தக்கவையாகவும், பிறவற்றோடு இயங்கத்தக்கவையாகவும், மீண்டும் பயன்படத்தக்கவையாகவும் இருக்கவேண்டும் என்னும் நான்கு நெறிகள் 2016-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டு, இன்று பல நாடுகளில் போற்றப்படுகின்றன.

புகழ்வதும் மேற்கோள், மறுப்பதும் மேற்கோள்

நம் பழைய உரையாசிரியர்கள் மேற்கோள்களை அள்ளித் தருவார்கள். அவை எந்நூலிலிருந்து வந்தன என்பதைப் பல இடங்களில் சொல்லமாட்டார்கள். அவற்றின் மூலத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் எத்தனை ஆண்டுகள் உழைத்தார் என்பதைத் தமிழுலகம் அறியும். இக்கால ஆராய்ச்சிக் கட்டுரை மூலத்தைச் சொல்லிவிடுகிறது. ஆனால், ஏன் மேற்கோள் காட்டுகிறது என்பதைக் கணிப்பொறிக்குச் சொல்வதில்லை. 1964-ஆம் ஆண்டில் யூஜின் கார்ஃபீல்டு மேற்கோள் அட்டவணையை வெளியிட்டது முதல், ஒரு கட்டுரையை எத்தனை பேர் குறிப்பிட்டனர் என்று எண்ணும் வழக்கம் பரவியது. பாராட்டிக் குறித்தாலும் ஒன்றுதான். 'இது தவறு' என்று குறித்தாலும் ஒன்றுதான். எண்ணிக்கையில் இரண்டும் சமம்.

இதன் தீங்கு எவ்வளவு பெரிது என்பதற்கு ஒரு கசப்பான உதாரணம் உண்டு. 1998-ஆம் ஆண்டில் லான்செட் என்னும் மருத்துவ ஏட்டில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் பிறரும் 12 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரை, தட்டம்மைத் தடுப்பூசிக்கும் மனவளர்ச்சிக் கோளாறு ஒன்றுக்கும் தொடர்பு இருக்கலாம் என்னும் ஐயத்தைக் கிளப்பியது. பின்னர்ச் செய்த பெரிய ஆராய்ச்சிகள் அத்தகைய தொடர்பு இல்லை என்று காட்டின. 2010-ஆம் ஆண்டில் அவ்வேடு கட்டுரையை முற்றிலும் திரும்பப் பெற்றது. ஆனால் அதற்குள் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. பெற்றோர் பலர் அஞ்சித் தம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடாமல் விட்டனர். அச்சிட்ட தாளில் இருக்கும் பிழை, திருத்தம் வேறெங்கோ வெளிவந்தாலும், அதே தாளில் பிழையாகவே நிற்கும்.

மின்னணு முறையில் இதற்கு மருந்து இருக்கிறது. கட்டுரையின் அடையாள எண்ணோடு 'திரும்பப் பெறப்பட்டது' என்னும் குறிப்பைச் சேர்த்துவிட்டால், அதை மேற்கோள் காட்டும் ஒவ்வோர் இடத்திலும் எச்சரிக்கை தோன்றச் செய்யலாம். திரும்பப் பெற்ற கட்டுரைகளின் பெரிய பட்டியல் ஒன்றை 2023-ஆம் ஆண்டில் கிராஸ்ரெஃப் கூட்டமைப்பு வாங்கி, யாவரும் இலவசமாகப் பார்க்கும்படி திறந்து வைத்தது. 'இதனை ஆதரிக்கிறேன்', 'இதனை மறுக்கிறேன்', 'இதன் முறையைப் பின்பற்றினேன்' என்று மேற்கோளின் நோக்கத்தைக் குறிக்கும் சொற்றொகுதியையும் ஷாட்டன் வகுத்துள்ளார். அது இன்னும் பரவலாக வழக்கில் வரவில்லை. வந்தால் நன்மை பெரிது.

தந்தையா, மகனா?

இனி நமக்கு மிக நெருங்கிய ஒரு செய்திக்கு வருவோம். தமிழர்களாகிய நமக்குக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. தந்தையின் பெயரின் முதலெழுத்தே நமக்குத் தலைப்பெழுத்து. வடக்கே சென்றவுடன், விண்ணப்பத் தாளில் 'குடும்பப் பெயர்' என்னும் கட்டம் நம்மை மிரட்டுகிறது. சுந்தரம் என்பவரின் மகன் முருகேசன் என்று ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். அவர் சென்னையில் எழுதிய கட்டுரையில் எஸ். முருகேசன். தில்லியில் எழுதியதில் முருகேசன் சுந்தரம். அயல்நாட்டு ஏட்டில் அதுவே எம். சுந்தரம் ஆகிவிடும். மகன் ஆய்வுக்கூடத்தில் கண் விழித்து எழுதிய பௌதிகக் கட்டுரை, ஊரில் நாற்று நட்டுக்கொண்டிருக்கும் தந்தையின் பேரில் உலகப் பட்டியலில் ஏறிவிடும்!

கேட்பதற்கு இது வேடிக்கை. ஆனால் அந்த முருகேசனுக்கு வேடிக்கை அன்று. பதவி உயர்வுக்கோ ஆராய்ச்சி மானியத்துக்கோ அவர் விண்ணப்பிக்கும்போது, அவருடைய உழைப்பு மூன்று பேருடையதாகப் பிரிந்து கிடக்கும். அதே சமயம், வேறு பல எஸ். முருகேசன்களின் கட்டுரைகள் அவர் கணக்கில் கலந்து நிற்கும். திருமணத்துக்குப் பின் பெயரின் பிற்பகுதியை மாற்றிக்கொள்ளும் பெண் ஆராய்ச்சியாளர்களுக்கும் இதே இடர் உண்டு. பெயர் தொலைந்தால் உழைப்பும் தொலைகிறது.

கட்டுரைக்கு எண் அளித்ததுபோல் எழுதியவருக்கும் எண் அளிப்பதே இதற்குத் தீர்வு. ஆர்கிட் என்னும் அடையாளமுறை 2012-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் வழங்கி வருகிறது. 16 இலக்கங்கள் கொண்ட அந்த எண்ணை எந்த ஆராய்ச்சியாளரும் கட்டணமின்றித் தாமே பதிவு செய்து பெறலாம். பெயரை எப்படி எழுதினாலும், எந்த மாநிலத்தில் எந்த நிறுவனத்தில் பணியாற்றினாலும், எண் ஒன்றே. தம் பெயரின் பல வடிவங்களையும் அதில் அவர் குறித்து வைக்கலாம். ஆராய்ச்சியில் ஈடுபட்டிருக்கும் மகனோ மகளோ நம் வீட்டில் இருந்தால், முதல் கட்டுரை அச்சேறுமுன் இந்த எண்ணைப் பெற்றுக்கொள்ளும்படி சொல்லுவது பெற்றோர் செய்யக்கூடிய நல்ல உதவியாகும். நாம் நம் தந்தையின் பெயரைத் துறக்க வேண்டியதும் இல்லை. இல்லாத குடும்பப் பெயரைப் புனைந்துகொள்ள வேண்டியதும் இல்லை.

விலையும் போலியும்

இப்புதிய முறையில் நன்மை மட்டுமே உண்டு என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. முதலில் விலை. கருவிகள் எத்தனை நுட்பமானவை ஆயினும், கட்டுரை பூட்டிய அறைக்குள் இருந்தால் ஏழை மாணவருக்கு அது எட்டாது. ஆராய்ச்சிக் கட்டுரைகள் யாவர்க்கும் திறந்திருக்கவேண்டும் என்னும் கோரிக்கை 2002-ஆம் ஆண்டில் புடாபெஸ்ட் நகரிலிருந்து ஓர் அறிக்கையாக வெளிவந்தது. பல ஏடுகள் அவ்வாறே திறந்தன. ஆனால் அவற்றுள் சில, படிப்பவரிடம் வாங்காத பணத்தை எழுதுபவரிடம் வாங்கத் தொடங்கின. நம் நாட்டில் சர் சி. வி. ராமன் 1934-ஆம் ஆண்டில் நிறுவிய இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஏடுகளில் கட்டுரைகளை இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம் என்பது நாம் மகிழத்தக்கது. பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைத் திரட்டிவைக்கும் சோத்கங்கா என்னும் களஞ்சியம் குஜராத்தின் காந்திநகரிலிருந்து இயங்குகிறது. வெளிநாட்டு ஏடுகளுக்காக 'ஒரே நாடு, ஒரே சந்தா' என்னும் திட்டத்துக்கு 2024-ஆம் ஆண்டு நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 வெளியீட்டாளர்களின் ஏறத்தாழ 13,000 ஏடுகள். அரசு சார்ந்த 6,300 நிறுவனங்கள். சிறு ஊர்க் கல்லூரி மாணவருக்கும் பெருநகரப் பல்கலைக்கழக மாணவருக்கும் ஒரே அலமாரி என்பது இதன் நோக்கம்.

இரண்டாவது, போலி. கட்டுரைகளின் எண்ணிக்கையே பெருமைக்கு அளவுகோல் ஆனபோது, பணம் பெற்றுக்கொண்டு பொய்க் கட்டுரைகளைச் செய்து தரும் வணிகமும் முளைத்தது. 2023-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 10,000-க்கு மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. மனிதரைப்போல் சரளமாக எழுதும் கணிப்பொறிகள் 2022-ஆம் ஆண்டின் இறுதி முதல் பொதுமக்கள் கைக்கு வந்துள்ளன. அவை சில சமயம் இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர் பெயரும் ஆண்டும் பக்க எண்ணும் கொடுத்து, மெய்போலவே காட்டிவிடுகின்றன. இங்கேயும் நாம் மேலே சொன்ன அடையாள எண் கைகொடுக்கும். மேற்கோளின் எண்ணைப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். எண் இல்லையேல், அல்லது அது வேறொரு கட்டுரைக்கு இட்டுச் சென்றால், ஐயம் கொள்ளலாம். பழைய கட்டுரைகள் பலவற்றுக்கு எண் கிடையாது என்பதையும் மறவாமல், அவற்றை நூலகத்தில் தேடி உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது குறை நம்மையே நோக்கியது. இவ்வலையில் கோக்கப்பட்டுள்ள அறிவில் மிகப் பெரும்பகுதி ஆங்கிலத்தில் உள்ளது. தமிழில் எழுதப்படும் ஆராய்ச்சிக் கட்டுரைகள் பலவற்றுக்கு அடையாள எண்ணும் இல்லை; பொருட்குறிப்பும் இல்லை. அவை நல்ல கட்டுரைகளாக இருந்தும் உலகப் பட்டியலில் தோன்றுவதில்லை. எழுத்துக்குக் குறை இல்லை. 1991-ஆம் ஆண்டில் வெளிவந்த யூனிகோடு முறையின் முதல் பதிப்பிலேயே தமிழ் எழுத்துகள் இடம்பெற்றன. 1998-ஆம் ஆண்டு முதல் மதுரைத் திட்டம் என்னும் பெயரில் பல நாட்டுத் தமிழன்பர்கள் ஊதியமின்றி இலக்கியங்களை மின்னணு வடிவில் ஏற்றி வருகின்றனர். விக்கித்தரவு என்னும் பொதுக் களஞ்சியத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. அதற்குத் தமிழ்ப் பெயரை யாரும் சேர்க்கலாம். வேங்கை மரத்துக்கும், எலிக்காய்ச்சலுக்கும், நம் ஊர்க் கோயிலுக்கும், ஏரிக்கும் தமிழ்ப் பெயர் அங்கே இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் சேர்ப்பது ஓய்வு நேரத்தில் செய்யத்தக்க தொண்டு. அதற்கு ஊரில் இருக்கவேண்டும் என்பதில்லை. கான்பூரிலும் கட்டக்கிலும் இருந்துகொண்டே செய்யலாம். பிற மாநிலப் பல்கலைக்கழகங்களின் தமிழ்த் துறைகள் தம் ஏடுகளுக்கு அடையாள எண் பெறுவதில் முன்னின்றால், அங்கே எழுதப்படும் தமிழாராய்ச்சி அவ்வூர் எல்லைக்குள் முடங்கிப் போகாது.

கல்கத்தாவிலிருந்து ராமன் அவர்கள் படிகளை அனுப்பியபோது, உறையின்மேல் முகவரியைத் தெளிவாக எழுதினால் போதும் என்றிருந்தது. இன்று கட்டுரைக்கு ஓர் எண், எழுதியவருக்கு ஓர் எண், சொல்லுக்கு ஒரு பொருட்குறிப்பு, மேற்கோளுக்கு ஒரு நோக்கம் என முகவரியின் இலக்கணம் விரிந்திருக்கிறது. எனினும் அதன் கருத்து ஒன்றே. ஒருவர் உழைத்துக் கண்ட உண்மை, அது தேவைப்படும் மற்றொருவர் கைக்குப் பிழையின்றிப் போய்ச் சேரவேண்டும். மழைக்காலம் வருமுன் சாக்கடையை மூட நினைக்கும் நகர அதிகாரிக்கும், குழந்தைக்கு ஊசி போடலாமா என்று தயங்கும் தாய்க்கும், தம் பெயரை உலகப் பட்டியலில் தேடும் இளம் ஆராய்ச்சியாளருக்கும் அது போய்ச் சேருமாயின், ஆராய்ச்சி ஏடு தன் கடமையைச் செய்ததாகும்.